எட்டுச் சுரம், ஏழு எண்ணிக்கை: ஒரு ராக் பாட்டின் பேஸ் லைனைக் கற்க எந்த வழி?

மன்னார்குடியில் இருக்கும் என் அண்ணன் மகன் ஒரு பழைய பேஸ் கிட்டாரை வாங்கி வந்து, கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பத்து வாரம் இருக்கிறது, அதற்குள் ஒரே ஒரு ராக் பாட்டின் பேஸ் லைனை, அதாவது பாட்டின் அடியில் தாழ்ந்த சுரங்களில் ஓடும் பகுதியை, பிசகில்லாமல் வாசித்தாக வேண்டும், எந்த வழியில் கற்பது என்று என்னைக் கேட்டான். அப்போது அவன் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் காட்டும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேப் தாள், விரல்களை அருகில் காட்டும் காணொளி, பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காதால் பிடிப்பது, தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறி ஓர் ஆசிரியரிடம் போவது. ஐந்தாவது வழி ஒன்று நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. நான் சிறுவயதில் கும்பகோணத்தில் மிருதங்கம் பயின்றவன். முப்பதைக் கடந்தபின் பேஸ் கிட்டாரைத் தொட்டவன். இந்த நான்கு வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் காலத்தை வீணாக்கியவன். அந்தத் தகுதியில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

அவன் தேர்ந்தெடுத்த பாட்டு, பிங்க் ஃபிளாய்ட் குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டில் இருக்கும் ‘மனி’. எழுதியவரும் பேஸ் வாசித்தவரும் ரோஜர் வாட்டர்ஸ். காசுகள் விழும் ஓசை, கல்லாப்பெட்டியின் ஓசை, காகிதம் கிழியும் ஓசை முதலியவற்றை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டிச் சுழலவிட்ட ஓசைகளோடு அது தொடங்கும். அந்தச் சுழற்சி ஏழு எண்ணிக்கை, அதாவது ஒரு சுற்றுக்கு ஏழு தட்டு, கொண்டது. அதன்மேல் பேஸ் கிட்டார் தனியாக வந்து ஏறிக்கொள்ளும். ராக் பாட்டுகளில் பெரும்பான்மை நான்கு எண்ணிக்கையில் நடப்பவை. இது ஏழில் நடக்கிறது. பேஸ் லைனுக்காகவே ஒரு பாட்டைக் கற்பதென்றால் இதைவிடப் பொருத்தமான பாட்டு குறைவு என்பதால், ‘சுலபமாக வேறொன்று எடு’ என்று நான் சொல்லவில்லை. எந்த வழி நல்லது என்ற கேள்விக்கு எல்லாப் பாட்டுக்கும் பொதுவான விடை கிடையாது என்பதையும் இந்தப் பாட்டுதான் எங்களுக்குக் காட்டியது.

கருவியைப் பற்றி ஒரு சொல். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள் தடிமனானதிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டப்படுகின்றன. தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் 34 அங்குலத் தந்தி நீளத்தைப் பொதுவழக்காக்கியது. நம் வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வதைத்தான் கிட்டார்க்காரர்கள் ஃப்ரெட் என்கிறார்கள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள், அரை சுர இடைவெளியில் அமைந்தவை. பேஸ் கிட்டாரிலும் அதே அரை சுர இடைவெளிதான். வீணையின் மெட்டு மெழுகில் பதிந்திருக்கும், கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் அறைந்திருக்கும் என்ற வேறுபாட்டைத் தவிர, இடது கைக்குத் தெரிய வேண்டிய கணக்கு ஒன்றே. ஆகவே இந்தக் கட்டுரையில் ஃப்ரெட்டை மெட்டு என்றே எழுதுகிறேன்; பாடகரின் மெட்டு, வாத்தியக் குழுக்களின் மெட்டு என்று வருமிடங்களில் மட்டும் அது பாட்டின் மெட்டு.

அண்ணன் மகன் முதலில் எடுத்தது டேப். நான்கு கோடுகள், நான்கு தந்திகள். கீழ்க்கோடு தடித்த தந்தி. கோட்டின்மேல் எழுதிய எண் எந்த மெட்டில் விரலை வைப்பது என்பதைச் சொல்கிறது. சுரம் தெரிய வேண்டாம், ராகம் தெரிய வேண்டாம், படிக்கக் கற்க ஐந்து நிமிடம் போதும். அவன் கற்றுக்கொண்டதை அப்படியே தருகிறேன்: ஏ தந்தியில் 2, ஜி தந்தியில் 4, டி தந்தியில் 4, மீண்டும் ஏ தந்தியில் 2, பிறகு ஈ தந்தியில் 2, அதே தந்தியில் 5, ஏ தந்தியில் 2, கடைசியாக ஏ தந்தியில் 5. எட்டு இடங்கள், எல்லாம் இரண்டாம் மெட்டுக்கும் ஐந்தாம் மெட்டுக்கும் உள்ளே. நான்கு விரல்களுக்கு நான்கு மெட்டு என்று கையை ஓரிடத்தில் நிறுத்தியே வாசித்துவிடலாம். முதல் நாள் மாலைக்குள் விரல்கள் அந்த எட்டு இடங்களையும் கண்டுபிடித்துவிட்டன. எந்த வழியும் இவ்வளவு விரைவாக இவ்வளவு தூரம் கொண்டுசேர்க்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மறுநாள் பாட்டோடு சேர்த்து வாசித்தபோது முதல் சுற்று முடிவதற்குள்ளேயே அவன் பிரிந்துபோனான். ‘சித்தப்பா, பாட்டு ஓடுகிறது’ என்றான். பாட்டு ஓடவில்லை. அந்த டேப்பில் எட்டு எண்கள் சம இடைவெளியில் எழுதப்பட்டிருந்தன. காலம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. எட்டு என்று கண்டதும் அவன் கை தானாகவே ஆதி தாளத்துக்குப் போய்விட்டது. காவிரிக் கரையில் பிறந்து, கோயில் திருவிழாக்களில் நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஒருவனிடம் எட்டுச் சுரத்தைக் கொடுத்தால் அவன் எட்டு அட்சரத்தில் வைக்காமல் வேறு எங்கே வைப்பான்? பாட்டிலோ எட்டுச் சுரங்கள் ஏழு எண்ணிக்கைக்குள் அடங்கியிருக்கின்றன; இரண்டாவது எண்ணிக்கை மட்டும் இரண்டு சுரங்களைத் தாங்குகிறது. அவன் வாசிப்பில் ஒரு சுற்றுக்கு எட்டு எண்ணிக்கை, பாட்டில் ஏழு. ஆகவே அவன் ஏழு சுற்று முடிக்கும்போது பாட்டு எட்டுச் சுற்று முடித்திருக்கும், 56ஆவது எண்ணிக்கைக்குப் பிறகுதான் இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். தவில் வித்துவான் ஒருவர் தனி ஆவர்த்தனத்தில் வேண்டுமென்றே போடும் கணக்கை இவன் தெரியாமலேயே போட்டிருந்தான் என்று சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிக்கல் தீரவில்லை.

இது ஒரு டேப்பின் பிழை என்று தள்ளிவிட முடியாது. எழுத்துகளால் மட்டும் அமைந்த டேப்புகளில் பெரும்பாலானவை இடத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லா. ஏற்கெனவே மனத்தில் பதிந்திருக்கும் பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை, ஏனெனில் காலத்தை நினைவே தந்துவிடும். புதிதாகக் கற்கும் பாட்டுக்கு, அதுவும் எண்ணிக்கை புதிதாக உள்ள பாட்டுக்கு, டேப்பை முதலில் எடுப்பது வழி தெரியாத ஊருக்குத் தெருப்பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு போவதைப் போன்றது. தவிர, டேப் எழுதியவர் யார், அவர் காது எப்படி என்பது படிப்பவருக்குத் தெரியாது. ஒரே பாட்டுக்கு நான்கு டேப்புகள் கிடைக்கும். நான்கும் நான்கு விதமாக இருக்கும். எது சரி என்று தீர்மானிப்பதற்குத் தேவையான காது இருந்தால், அந்த டேப்பே வேண்டியிருக்காது.

காலத்தையும் சேர்த்து எழுதும் முறை மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்குறிப்பு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. பேஸ் கிட்டாருக்கு எழுதும்போது ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரையுள்ள தூரம்) மேலே எழுதுவது மரபு என்ற ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் நேரானது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, தஞ்சாவூர்த் தேவாலயப் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்களும், டிரினிட்டி தேர்வுகளுக்குக் கீபோர்டு பயின்ற பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள். அவர்களுக்கு அதுவே போதும். மேற்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய தேவையும் இல்லை. பத்து வாரத்தில் ஒரு பாட்டை வாசிக்க வேண்டியவன் அதற்காக அந்த எழுத்தைப் புதிதாகக் கற்பது, ஒரு கடிதத்தைப் படிப்பதற்காக ஒரு மொழியைக் கற்பதாகும்.

காணொளிக்கு வருவோம். அதைப் பற்றி எனக்கு இருந்த ஏளனம் இப்போது பாதிதான் மிஞ்சியிருக்கிறது. ஏளனத்தின் காரணம் இது: காணொளியைப் பார்த்துக் கற்பவன் கண்ணால் கற்கிறான். கற்பிப்பவரின் விரல் எங்கே போகிறதோ அங்கே தன் விரலைக் கொண்டுபோகிறான். திரையை அணைத்ததும் கையும் நின்றுவிடுகிறது. அண்ணன் மகனுக்கும் அதுவே நடந்தது. வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துப் பார்த்து, கூடவே வாசித்து, பத்து நாளில் ஏறக்குறைய சரியாக வாசித்தான். காணொளி இல்லாமல் நான் கையால் தட்டி எண்ணிக்கை கொடுத்தபோது மூன்றாவது சுற்றில் தடுமாறினான். அந்த ஏழு எண்ணிக்கை அவனுடையதாக ஆகவில்லை. திரையில் இருந்தவரிடம் இரவலாக இருந்தது.

மற்றப் பாதி ஏளனத்தைக் காணொளியேதான் போக்கியது. பேஸ் கிட்டாரில் ஒரு சுரத்தைத் தொடங்குவதைவிட அதை நிறுத்துவது கடினம். தடித்த தந்தி ஒருமுறை மீட்டினால் பல விநாடிகள் ஒலித்துக்கொண்டிருக்கும். மேலே உள்ள தந்திக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் கீழே உள்ள தந்தி அடங்கியிருக்காவிட்டால் இரண்டும் கலந்து இரைச்சலாகிவிடும். இந்தப் பாட்டின் முதல் மூன்று சுரங்களே அதற்குச் சோதனை: ஏ தந்தியிலிருந்து ஜி தந்திக்கு, அங்கிருந்து டி தந்திக்கு. ஏ தந்தியை இடது ஆள்காட்டி விரலை உயர்த்தி அடக்குவதா, வலது கட்டைவிரலைச் சாய்த்து அடக்குவதா என்பதை எந்தத் தாளும் சொல்லாது. ஒலிப்பதிவைக் கேட்டால் அடங்கியிருப்பது தெரியுமேயொழிய எப்படி அடங்கியது என்பது தெரியாது. கை தெரிய வேண்டும். மிருதங்கத்தில் தொப்பியை உள்ளங்கையால் அடைத்து ஓசையைக் கொல்வதை நான் குருவின் அருகில் உட்கார்ந்து பார்த்துக் கற்றேன். அந்த இடத்தில் இங்கே காணொளி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே காணொளியைச் சுரம் கற்கப் பயன்படுத்துவதை நான் ஆதரிக்கமாட்டேன், ஒலியை அடக்கும் விதம் கற்கப் பயன்படுத்துவதைக் கட்டாயம் என்பேன். சுரம் கைக்கு வந்தபிறகு, ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு, கையை மட்டும் பார்க்கலாம்.

இனிக் காது. இதுதான் உண்மையான வழி, மற்றதெல்லாம் ஊன்றுகோல் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் நெடுங்காலம் அப்படிச் சொல்லித் திரிந்தேன். 1980களின் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்குப் பேஸ் கிட்டார் அந்நியமானது அன்று. பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு தனியே நடந்துபோவதை நாம் கேட்டிருக்கிறோம், பலர் அதைத் தனியாக முணுமுணுக்கவும் செய்வார்கள். ஆனால் கைப்பேசி வந்தபிறகு இந்த வழியில் ஒரு குழி விழுந்திருக்கிறது. நம் பாட்டில் வரும் மிகத் தாழ்ந்த சுரம் ஏறக்குறைய 46 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை எழுப்ப முடியாது. நமக்குக் கேட்பது அதன் மேலே உள்ள 92, 138 போன்ற துணை அதிர்வுகளும், அவற்றிலும் உயர்ந்தவையும்தான். மூளை அவற்றிலிருந்து இல்லாத அடிநாதத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. பழகிய காது சரியாக ஊகிக்கும். பழகாத காது அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே வைத்துவிடும், அல்லது முற்றிலும் தவறவிடும். கைப்பேசியை மேசைமேல் வைத்துக் கேட்ட அண்ணன் மகன், நான்காவது எண்ணிக்கையில் சுரமே இல்லை, அங்கே ஓய்வு என்று சாதித்தான். கம்பி வைத்த நல்ல ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியதும் அங்கே இருந்தது வெளிப்பட்டது.

இதற்கு இரண்டு எளிய உதவிகள் உண்டு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டை ஒரு ஸ்தாயி உயர்த்திக் கேட்டால் பேஸ் கிட்டார் சாதாரண கிட்டாரின் உயரத்துக்கு வந்துவிடும். சிறிய ஒலிபெருக்கியிலும் ஒவ்வொரு சுரமும் தெளியும். பாடகர் குரல் கேலிக்குரியதாக மாறிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, பாட்டைக் குரல், தாளம், பேஸ் எனப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்கள். டீஸர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டரை வெளியிட்டபிறகு இவை எல்லார் கைக்கும் எட்டிவிட்டன. பேஸ் மட்டும் தனித்துக் கேட்பது கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பதைப் போல இருக்கும். ஆயினும் பிரிக்கும்போது டிரம்ஸின் அடியும் பேஸின் தொடக்கமும் கலந்து சிதைவதுண்டு, ஆகவே சுரத்தின் நீளத்தை அதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

காது சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 2003ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் உலகமே பேஸ் என்று நினைத்து முணுமுணுக்கும் அந்தத் தாழ்ந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்), ஒலியை மாற்றும் பெடல் வழியாக ஒரு ஸ்தாயி இறக்கிய சாதாரண கிட்டார். அந்தக் குழுவில் பேஸ் வாசிப்பவரே கிடையாது.

திருவாரூரில் பிறந்து 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளைக் காதால் பிடித்து, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார்; நோட்டுஸ்வரங்கள் என்று அழைக்கப்படும் அவை சங்கராபரணத்தில் அமைந்தவை. தஞ்சை அரண்மனையிலும் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே மேற்கத்திய வாத்தியக் குழு இருந்தது. காதால் பிடிப்பதில் டெல்டா மண்ணுக்குப் பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோட்டுஸ்வரங்களில் நமக்கு வந்துசேர்ந்தது மேலே ஓடும் ஒற்றை மெட்டு மட்டும். அதன் அடியில் நடக்கும் பகுதி வரவில்லை. நம் இசைக்கு அது தேவைப்படவில்லை, அதனால் குறை ஒன்றும் இல்லை. பேஸ் லைனைக் காதால் பிடிக்க உட்காரும் நம்மூர்ப் பையன் ஏன் முதல் ஒரு வாரம் பாடகரின் மெட்டையே பிடித்துக்கொண்டு வருகிறான் என்பதற்கு இதில் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது என்று எனக்குப் படுகிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதைக் காதுக்கு முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். திருவையாற்று அரசு இசைக்கல்லூரியில் வீணை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில் என்று கற்க இடம் உண்டு. பேஸ் கிட்டாருக்கென்று ஒருவரைத் தேடினால் கீபோர்டு, கிட்டார் வகுப்புகளின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும். நான் அப்படி ஒரு வகுப்பில் மூன்று மாதம் போய்வந்தேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். ஒவ்வொரு கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுக்கும்) அதன் ஆதார சுரத்தை நான்கு முறை அடிப்பதுதான் பேஸ் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதையே நம்பி ஓராண்டு அடித்துக்கொண்டிருந்தேன். நல்ல ஆசிரியர் கிடைத்தால், ஏழெட்டு வகுப்பு வேண்டாம், ஒரே ஒரு வகுப்புக்காவது போகலாம் என்பேன்: இரண்டாம் மெட்டிலிருந்து ஐந்தாம் மெட்டு வரை பேஸ் கிட்டாரில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் தூரம், சாதாரண கிட்டாரில் அதே தூரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான், அந்த விரிவுக்கு மணிக்கட்டை மடக்கி வாசிக்கப் பழகிவிட்டால் சில மாதங்களில் வலி வரும், அதைக் கண்டு திருத்த இன்னொரு மனிதர் அருகில் இருக்க வேண்டும். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்த நீண்ட கருவியை உறையில் போட்டுப் பஸ்ஸில் நின்றுகொண்டு வாரம் இருமுறை போய்வருவது பத்து வாரத்துக்கு நடைமுறையில் இயலாது என்று அவனும் நானும் முடிவு செய்தோம்.

ஐந்தாவது வழி, பிறகுதான் பிடிபட்டது. அவன் எட்டுக்கும் ஏழுக்கும் இடையில் சிக்கித் தவித்த ஒரு மாலையில், கிட்டாரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, வாயால் ‘தகிட தகதிமி’ என்ற சொற்கட்டைச் சொல்லித் தொடையில் தட்டச் சொன்னேன். சிறுவயதில் அலங்காரம் என்னும் தொடக்கப் பயிற்சியைப் பாடியவர்களுக்குத் திரிபுட தாளம் தெரியும்: மூன்று, இரண்டு, இரண்டு. மிஸ்ர சாபுவும் அதே ஏழுதான், ஓட்டம் மட்டும் வேறு. இந்தப் பேஸ் லைனை அதன்மேல் வைத்தால் தைத்த சட்டையைப் போல உட்காருகிறது. பி என்ற சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு எழுதினால், ‘தகிட’ என்னும் மூன்றில் முதலெழுத்துக்குச் ச; நடு எழுத்தான ‘கி’ மட்டும் பிளந்து, மேல் ஸ்தாயிச் ச, அதைத் தொடர்ந்து ப; மூன்றாவதற்கு மீண்டும் ச. ‘தகதிமி’ என்னும் நான்கில் மந்திர ஸ்தாயிப் ப, மந்திர ஸ்தாயி நி, ச, க. அதாவது முதல் மூன்று எண்ணிக்கையில் மேலே தாவி இறங்குகிறது; அடுத்த நான்கில் கீழே இருந்து படிப்படியாக ஏறி வருகிறது. காந்தாரம் சாதாரணம், நிஷாதம் கைசிகி. பிளந்த அந்த இரண்டாவது எண்ணிக்கையும் சரிபாதியாகப் பிளக்கவில்லை. திஸ்ர நடையில் மூன்றாகப் பிரித்து, இரண்டு பங்கு மேல் சட்ஜத்துக்கும் ஒரு பங்கு பஞ்சமத்துக்கும் போகிறது. டேப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத செய்தி இது. ராக் வாசிப்பவர்கள் ஷஃபிள் என்று சொல்லும் அந்தக் குலுக்கல் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

இருபது நிமிடத்தில் அவன் வாயால் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் கிட்டாரில் வந்தது.

இந்த வழியின் குறைகளையும் நான் அனுபவித்திருக்கிறேன். முதலாவது, சாதாரண காந்தாரம் என்று எழுதிப் பார்த்ததும் நம் விரலுக்கு அதை அசைக்கத் தோன்றும். கமகம் கொடுத்துப் பழகிய கை, தந்தியை இழுத்துவிடும். பேஸ் லைனில் அந்தச் சுரம் அடித்த இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டாவது, பெரிய குறை: சட்ஜம் மாறாது என்பது நம் சுர எழுத்தின் அடிப்படை, இந்தப் பாட்டிலோ ஆதார சுரம் நகர்கிறது, பாடும் பகுதியின் முடிவை நோக்கிப் போகும்போது பேஸ் வேறு சுரங்களை ஆதாரமாக்கிக்கொள்கிறது. அங்கே பழைய சட்ஜத்திலிருந்தே எண்ணுவதா, கிரக பேதம்போல் புதிய சட்ஜத்தை வைப்பதா என்று குழம்பி ஒரு நாள் போயிற்று. அந்த இடத்தில் அவன் டேப்பைத் திறந்து மெட்டு எண்களைப் பார்த்துக்கொண்டான், குழப்பம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. காலத்தை அறிந்தபிறகு டேப் எவ்வளவு நல்ல துணை என்பதை அன்றுதான் கண்டேன். மூன்றாவதாக, தாளக் கல்வியோ சுரக் கல்வியோ சிறிதும் இல்லாதவருக்கு இந்த வழி திறக்காது. அவர் ஹெட்ஃபோனும் ஒரு ஸ்தாயி உயர்த்திய ஒலிப்பதிவும் கொண்டு தொடங்குவதே நல்லது.

ஆகவே அண்ணன் மகனுக்கு நான் சொன்ன வரிசை இப்படி அமைந்தது. முதல் வாரம் கருவியைத் தொடாமல், ஹெட்ஃபோனில் கேட்டு, வாயால் சொற்கட்டும் சுரமும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் டேப்பை வைத்து இடம் தேடி, சீராகத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடவிட்டு, எட்டுச் சுரத்தையும் ஏழுக்குள் உட்காரவைப்பது. நான்காவது வாரம் காணொளி, ஒலி இல்லாமல், தந்தியை அடக்கும் விதத்துக்காக மட்டும். ஐந்தாவது வாரத்தில் ஒரே ஒரு நாள் தஞ்சாவூர், ஆசிரியரிடம் மணிக்கட்டைக் காட்டிவிட்டு வர. அதற்குப் பிறகு பாட்டோடு மட்டும். வேறு பாட்டு என்றால் இந்த வரிசையையே நான் மாற்றுவேன்: நான்கு எண்ணிக்கையில், ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே சுரத்தை எட்டு முறை அடிக்கும் எளிய பாட்டுக்குச் சொற்கட்டு எதற்கு? டேப்பும் மெட்ரோனோமும் இரண்டு நாளில் முடித்துவிடும்.

இடையில் சில சில்லறைத் தொல்லைகள். வாங்கிய கருவியில் தந்தி மெட்டிலிருந்து மிக உயரமாக இருந்தது. அழுத்தி அழுத்தி விரல்நுனி கன்றிப்போனபின்தான் அதைத் திருத்தலாம் என்பதே தெரிந்தது. ஐப்பசி மழையின் ஈரத்தில் கழுத்து மரம் சற்று வளைந்து அந்த உயரம் மறுபடி மாறியது. தந்திகளில் துரு படிந்தது. மின்சாரம் இல்லாத மாலைகளில் ஆம்ப் இல்லாமல் வாசிக்க, கிட்டாரின் தலைப்பகுதியை மர பீரோவின் மேல் அழுத்தி வைத்தால் பீரோ முழுவதும் அதிர்ந்து ஓசை கொடுக்கும். பாட்டி மட்டும் இரவில் அதை நிறுத்தச் சொன்னார்கள்.

எந்த வழியும் கற்றுத்தராத ஓரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. சாக்ஸஃபோன் தனி ஏழிலேயே நடந்து முடிகிறது. அதன்பின் கிட்டார் தனி தொடங்கும்போது பாட்டு நான்கு எண்ணிக்கைக்கு மாறிவிடுகிறது, பிறகு மறுபடி ஏழுக்குத் திரும்புகிறது. நான்கில் நடக்கும் அவ்வளவு நேரமும் கைக்கு விடுமுறை கிடைத்ததுபோல் இருக்கும். ஏழுக்குத் திரும்பும் அந்த முதல் எண்ணிக்கையில்தான் அவன் ஐந்து முறைக்கு மூன்று முறை விழுகிறான். டிரம்ஸ் வாசிக்கும் அவன் நண்பன் நீடாமங்கலத்துக்காரன், கோயில் தவில் கேட்டு வளர்ந்தவன். திரும்பும் இடத்துக்கு முந்தைய நான்கு எண்ணிக்கையில் ‘தகதிமி’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், நீ ‘தகிட’வில் வந்து சேர்ந்துகொள் என்று அவன் சொல்லியிருக்கிறான். மேடையில் மைக் அதைப் பிடித்துவிடுமோ என்ற கவலை ஒன்று. விரலால் மீட்டுவதா பிளெக்ட்ரம் என்னும் சிறு வில்லையால் மீட்டுவதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்பதாவது வாரத்துக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.